இரண்டு மணிநேரச் சுவர்

நான் பார்க்கும் வேலையில் ‘ஃபயர்வால்’ என்ற சொல் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது காதில் விழும். “ஃபயர்வால்ல ரூல் போட்டாச்சா?” “ஃபயர்வால் பிளாக் பண்ணுது சார்.” இதைத் தமிழில் ‘தீச்சுவர்’ என்று சிலர் எழுதுகிறார்கள், ‘தீயரண்’ என்று வேறு சிலர். தீச்சுவர் என்றால் எனக்கு நெருப்பாலேயே எழுப்பிய சுவர்தான் கண்ணில் வருகிறது. தீயரண் கொஞ்சம் தேவலை. கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை 1980களின் கடைசியில் கட்டடக்காரர்களிடமிருந்து கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்தவர்கள் வீட்டில் அது என்னவாக இருந்தது என்று பார்க்கப் போய்த்தான் நான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

அமெரிக்கக் கட்டட விதிப்புத்தகத்தைத் திறந்ததும் முதலில் விநோதமாகப் பட்டது அளவைதான். சுவரை நாம் அங்குலத்தில் சொல்வோம். ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர். கொத்தனாரைக் கேட்டால் ஒரு கல் சுவர், அரைக் கல் சுவர் என்பார். அந்தப் புத்தகமோ சுவரை நேரத்தால் அளக்கிறது. ஒரு மணிநேரச் சுவர். இரண்டு மணிநேரச் சுவர். மூன்று, நான்கு மணிநேரச் சுவர்கள். பேருந்து நிலையத்தில் ஊர் தூரத்தைக் கேட்டால் “ரெண்டு மணி நேரம் ஆகும்” என்று சொல்வதைப் போல, சுவரின் கனத்தைக் கேட்டால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இந்தக் கடிகாரத்தைச் சுவரில் மாட்டியது யார்?

கடிகாரம் வருவதற்கு வெகு காலம் முன்பே சுவர் வந்துவிட்டது. கி.பி. 64இல் ரோம் எரிந்தபின் நீரோ போட்ட புதிய விதிகளை டாசிடஸ் எழுதி வைத்திருக்கிறார். கட்டடத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதி வரை மரமே கூடாது, காபீ, ஆல்பா ஊர்களிலிருந்து வரும் கல்லால்தான் கட்ட வேண்டும். அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச்சுவர் கூடாது, ஒவ்வொன்றும் தன் சொந்தச் சுவருக்குள் இருக்க வேண்டும். பேரரசன் என்பதால் இப்படி உத்தரவிட முடிந்தது என்று நினைக்கிறேன். இரட்டைச் சுவர் என்றால் இரட்டைச் செலவு, இரட்டை இடம். நெருக்கியடித்து வாழும் சாதாரண ஊரில் இது நடக்கிற காரியமா?

லண்டன் இதற்கு நேரெதிர் வழியில் போனது. 1189இல், நகரத்தின் முதல் மேயர் ஹென்றி ஃபிட்ஸ்-எய்ல்வின் காலத்தில், கட்டடங்களுக்கான ஒரு விதித்தொகுப்பு வந்தது. அதன் மையமே பொதுச்சுவர்தான். அண்டை வீட்டார் இருவரும் தங்கள் நிலத்தில் ஆளுக்கு ஒன்றரை அடி விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த மூன்று அடி அகலத்தில், பதினாறு அடி உயரத்துக்கு, இருவர் செலவிலும் ஒரு கற்சுவர் எழும்பும்.

சரி, ஒருவரிடம் காசு இல்லை என்றால்? எனக்கு மிகவும் பிடித்த விதி இதற்குப் பதிலாக வருவதுதான். காசில்லாதவர் தன் நிலத்தில் மூன்று அடியை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். வசதி உள்ளவர் தன் செலவில் அதன்மேல் சுவரைக் கட்டுவார். கட்டி முடித்தபின் சுவரில் பாதி நிலம் கொடுத்தவருக்குச் சொந்தம். தன் வீட்டு உத்தரங்களை அவர் அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய நகராட்சி ஒன்று, நெருப்பு என்பது அடிப்படையில் அக்கம்பக்கத்துப் பணப் பிரச்சினை என்பதைப் புரிந்துகொண்டிருந்தது. என் வீட்டில் தீ பிடித்தால் நஷ்டம் உனக்கும்தான். அப்படியானால் சுவருக்கு யார் காசு கொடுப்பது? நம்மூர்ப் பத்திரங்களில் “வடபுறம் பொதுச்சுவர்” என்று ஒரு வரி வருமே, அதை வைத்து நடக்கும் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஆனால் 1189இன் விதி எல்லோரையும் கல்லால் கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை, கட்டுபவர்களுக்கு இடையே வழக்கைத் தீர்த்து வைத்தது. 1212இல் தேம்ஸ் நதிக்கு அக்கரையில், சதர்க்கில் பெரிய தீ. அதன்பின் புதுக் கூரைகளுக்கு வைக்கோலும் நாணலும் கூடாது என்றார்கள். சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டமாகவே தொடர்ந்தன. மாடிக்கு மாடி தெருவை நோக்கித் துருத்திக்கொண்டு, எதிர் வீட்டுக்காரருடன் கை குலுக்கிக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு நெருங்கி வந்தன. 1666 செப்டம்பர் 2ஆம் தேதி அதிகாலை புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக்கடை பற்றிக்கொண்டபோது லண்டன் ஒரு விறகுக்கட்டாகத்தான் இருந்தது.

அந்தத் தீயில் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் செயின்ட் பால் பேராலயமும் போயின. பலரும் சொல்லும் கதைதான். எனக்கு முக்கியமாகப் படுவது முதல் சில மணிநேரம். அந்தக் காலத்தில் தீயை நிறுத்த ஒரே வழி, அது போகும் வழியில் உள்ள வீடுகளை இடித்து வெற்றிடம் உண்டாக்குவது. சுவர் இல்லாத ஊரில் அவசரத்துக்கு உண்டாக்கும் சுவர் அது. மேயர் தாமஸ் பிளட்வொர்த்தை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். அவர் தயங்கினார். வீட்டுச் சொந்தக்காரர்களின் சம்மதம் இல்லாமல் இடித்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது என்பது அவர் கவலை. வரலாறு அவரை முட்டாளாக எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு. ஃபிட்ஸ்-எய்ல்வின் நிதானமாக உட்கார்ந்து தீர்த்த அதே கணக்கை, பிளட்வொர்த் நடுராத்திரியில் புகைக்கு நடுவே தீர்க்க வேண்டியிருந்தது.

1667இன் மறுகட்டுமானச் சட்டம் வீடுகளை நான்கு வகையாகப் பிரித்தது. வெளிச்சுவர் எல்லாம் செங்கல் அல்லது கல். எந்த வகை வீட்டில் எந்த மாடியில் சுவர் எத்தனை செங்கல் கனம் என்பது வரை சட்டத்திலேயே எழுதினார்கள். கொத்தனார் பாஷை அப்படியே பாராளுமன்றத்துக்குப் போய்விட்டது. ஆய்வாளர்கள் வந்து எண்ணிப் பார்க்கலாம் என்பது இதில் உள்ள பெரிய வசதி. ‘தீயைத் தாங்கும்படி நன்றாகக் கட்டுக’ என்று எழுதியிருந்தால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்லியிருப்பார்கள். இது டெஸ்ட் பண்ணக்கூடிய விதி. 1707இல் வந்த சட்டம் பொதுச்சுவரைக் கூரைக்கு மேலேயும் நீட்டச் சொன்னது. தீ சுவரைத் துளைப்பதில்லை, தாண்டிக் குதிக்கிறது என்பதை அதற்குள் பார்த்துவிட்டார்கள். லண்டனின் பழைய வீட்டு வரிசைகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவே கூரைக்கு மேல் துருத்தி நிற்கும் குட்டைச் சுவர்கள் அழகுக்காக வைத்தவை அல்ல.

பிறகு இரும்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இரும்பைத் ‘தீப்பிடிக்காத’ பொருள் என்று கொண்டாடியது. உண்மைதான், இரும்பு எரிவதில்லை. ஆனால் சூட்டில் தளர்ந்து வளைகிறது. 1871 அக்டோபரில் சிகாகோவில் சுமார் 17,450 கட்டடங்கள் அழிந்து ஒரு லட்சம் பேர் வீடிழந்தபோது, அவற்றில் தீப்பிடிக்காது என்று விளம்பரம் செய்யப்பட்டவையும் இருந்தன. அதன்பின் இரும்புத் தூண்களைச் சுட்ட களிமண் ஓடுகளால் போர்த்த ஆரம்பித்தார்கள். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் எரிந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள். வாஷிங்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் உதவிக்கு வந்த தீயணைப்பு வண்டிகளில் பலவற்றின் குழாய்கள் பால்டிமோரின் தண்ணீர் முனைகளில் பொருந்தவில்லை. மரை வேறு, விட்டம் வேறு. பிறகு அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகம் நாடு முழுக்கத் தேடியதில் 600க்கும் மேற்பட்ட வகை இணைப்புகள் கிடைத்தன. ஏபிஐ ஒத்துப்போகாமல் இரண்டு டீம்கள் ராத்திரியெல்லாம் முழித்திருப்பதைப் பார்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அவர்கள் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க ஊர் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்படி ஒவ்வொரு வியாபாரியும் ‘என் தரை எரியாது, என் சுவர் எரியாது’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் யாருக்கோ தோன்றியது: சொல்வானேன், கொளுத்திப் பார்த்துவிடலாமே. நியூயார்க்கில் 1890களிலேயே மாதிரித் தரைகளைக் கட்டி அடியில் விறகு எரித்துச் சோதித்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஐரா வுல்சன் இதில் முக்கியமான பெயர். ஆனால் ஆளுக்கொரு நெருப்பு. ஒருவர் உலையில் தாங்கிய சுவர் இன்னொருவர் உலையில் தாங்குமா? முதலில் நெருப்பைத் தரப்படுத்த வேண்டியிருந்தது.

1917இல் பல அமைப்புகள் கூடிப் பேசி ஒரு கோட்டை வரைந்தன. அடுத்த ஆண்டு அது ஏஎஸ்டிஎம் தரமாக வெளிவந்தது. இன்று அதன் பெயர் ஈ-119. அந்தக் கோடு சொல்வது இது: உலையின் வெப்பம் ஐந்தாவது நிமிடத்தில் 538 டிகிரி செல்சியஸ், பத்தில் 704, அரை மணியில் 843, ஒரு மணியில் 927, இரண்டு மணியில் 1,010, நான்கு மணியில் 1,093. ஆரம்பத்தில் சர்ரென்று ஏறி, பிறகு சோம்பேறியாக ஏறிக்கொண்டே போகிறது. இறங்குவதே இல்லை. நிஜ நெருப்பு எதுவும் இப்படி எரியாது. விறகு தீர்ந்தால் அணையும், ஜன்னல் உடைந்தால் சீறும். எந்த ஒரு தீயையும் அளந்து வரைந்த கோடு அல்ல இது. அனுபவமுள்ளவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒத்துக்கொண்ட கோடு. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பெரிதாக மாறவில்லை.

சோதனை இப்படி நடக்கும். குறைந்தது நூறு சதுர அடியில் ஒரு சுவரைக் கட்டி உலையின் வாயில் வைப்பார்கள். ஒரு பக்கம் நெருப்பு. மறுபக்கத்தில் வெப்பமானிகள். மறுபக்கத்தின் சராசரி வெப்பம் ஆரம்ப நிலையிலிருந்து 139 டிகிரி கூடினால் சுவர் தோற்றது. பஞ்சைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடோ தழலோ கசிந்தாலும் தோற்றது. பெரும்பாலான சுவர்களுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. அதே மாதிரி இன்னொரு சுவரைப் பாதி நேரம் சுட்டு, உடனே தீயணைப்புக் குழாயால் அதன் முகத்தில் தண்ணீரை அடிப்பார்கள். துளை விழக் கூடாது. இவ்வளவையும் தாண்டினால்தான் அது ‘இரண்டு மணிநேரச் சுவர்’. ஆக அந்த மணிநேரம் உலையின் மணிநேரம். உங்கள் வீட்டு நெருப்பில் அது ஒன்றரை மணியாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்.

உலையின் மணிக்கும் ஊரின் மணிக்கும் சம்பந்தம் உண்டாக்க முயன்றவர் சைமன் இங்பெர்க். தர நிர்ணய அலுவலகத்தில் 1920களில் அவர் மேசை, நாற்காலி, கோப்புகள் எல்லாவற்றோடும் அறைகளை அமைத்து, எடை போட்டு, கொளுத்தினார். என்ன ஒரு வேலை! 1928இல் வெளியிட்ட முடிவின் சாரம்: சதுர அடிக்குப் பத்து பவுண்டு மரம் அல்லது காகிதம் இருந்தால் (சதுர மீட்டருக்குச் சுமார் 49 கிலோ) அந்தத் தீ ஏறத்தாழ ஒரு மணிநேர உலைக்குச் சமம். இருபது பவுண்டு என்றால் இரண்டு மணி. விதிப்புத்தகத்தில் வீட்டுக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று என்று மணிக்கணக்கு பிரிந்து கிடப்பதன் வேர் இங்கே இருக்கிறது. இதைப் படித்தபின் என் புத்தக அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு எடை போட ஆரம்பித்துவிடுகிறது.

அமெரிக்கா போய் வந்த நம்மவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: “அட்டைச் சுவர்ப்பா, குத்துனா ஓட்டையாயிடும்.” அந்த அட்டைதான் இந்தக் கதையின் எதிர்பாராத நாயகன். காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் வைத்த பலகை அது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், படிகத்துக்குள் பூட்டி வைத்த தண்ணீர். சூடு ஏறும்போது அந்தத் தண்ணீர் பிரிந்து ஆவியாகப் போகிறது. அது போய் முடியும் வரை பலகையின் பின்பக்கம் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். பால் பொங்கும் வரை பாத்திரம் தீயாது என்கிற அதே கதை. தண்ணீர் போனபின் பலகை சுருங்கி விரிசல் விடும். அதைப் பிடித்துக்கொள்ளக் கண்ணாடி இழையைக் கலந்து செய்வதற்கு ‘டைப் எக்ஸ்’ என்று பெயர். மரச்சட்டத்துக்கு இரு பக்கமும் முக்கால் அங்குலம்கூட இல்லாத, ஐந்தில் எட்டு கூடச் சொல்ல முடியாத, எட்டில் ஐந்து அங்குலப் பலகை ஒவ்வொன்று அடித்தால் ஒரு மணிநேரச் சுவர் தயார். ஃபிட்ஸ்-எய்ல்வினின் மூன்று அடிக் கல்லைப் பார்த்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

சுவர்கள் மெலிந்ததும் வகைகள் பெருகின. இன்றைய அமெரிக்க விதியில் அசல் ‘ஃபயர்வால்’ ஒரே ஒரு வகைதான், அதுவும் அபூர்வமானது. ஒரு பக்கத்துக் கட்டடம் மொத்தமும் இடிந்து விழுந்தாலும் அது தானாக நிற்க வேண்டும். அஸ்திவாரத்திலிருந்து கூரையைத் தாண்டி முப்பது அங்குலம் வரை எழ வேண்டும். சட்டத்தின் கண்ணில் அதன் இரு பக்கமும் இரண்டு தனிக் கட்டடங்கள். லண்டன் பொதுச்சுவரின் நேர்வாரிசு இதுதான். அடுத்தது ‘ஃபயர் பேரியர்’. படிக்கட்டையும் லிஃப்ட் குழியையும் சுற்றி வருவது. நான்கு மாடியும் அதற்கு மேலும் என்றால் இரண்டு மணிநேரம். தளத்திலிருந்து மேல்தளத்தின் அடிவயிறு வரை போக வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடக் கூடாது. ஆனால் கட்டடம் விழுந்தால் இதுவும் சேர்ந்து விழலாம். அதற்கும் கீழே ‘ஃபயர் பார்ட்டிஷன்’, பெரும்பாலும் ஒரு மணி. உங்கள் ஃப்ளாட்டுக்கும் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் நடுவில் இருப்பது. மருத்துவமனைகளில் புகைக்கென்றே தனித் தடுப்புச் சுவர்.

இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிவிட்டு அதில் ஓட்டை போடுகிறோம். ஓட்டை இல்லாத சுவரால் பிரயோஜனம் இல்லையே. கதவு வேண்டும், குழாய் போக வேண்டும், கேபிள் போக வேண்டும். என் துறையிலும் இதுதான் நிலைமை. ஃபயர்வாலை முட்டிக்கொண்டு உடைத்தவர்களைவிட, “ஒரு வாரத்துக்கு மட்டும்” என்று யாரோ திறந்து மறந்துபோன வழியாக உள்ளே வந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஓட்டைகளின் வரலாற்றில் முக்கியமான நாள் 1975 மார்ச் 22. இடம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். இரண்டு உலைகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே, எல்லாக் கேபிள்களும் வந்து கூடும் அறை. அங்கிருந்து உலைக் கட்டடத்துக்குள் சுவர் வழியாகக் கேபிள் கட்டுகள் போகும். அந்தத் துளைகளைச் சுற்றியிருந்த இடைவெளியைப் பாலியூரிதேன் நுரையால் அடைத்திருந்தார்கள். காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? மெழுகுவத்தியை ஏற்றித் துளைக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். சுடர் ஆடினால் கசிவு இருக்கிறது.

அன்று சுடர் ஆடியது. மறுபக்கம் காற்றழுத்தம் குறைவு என்பதால், துளை சுடரை அப்படியே உள்ளே இழுத்தது. நுரை பற்றிக்கொண்டது. சுவரைத் தாண்டி மறுபக்கத்தில் கேபிள் தட்டுகள் எரிய ஆரம்பித்தன. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமடைந்தன, அவற்றில் உலையைக் குளிர்விக்கும் பாதுகாப்பு அமைப்புகளின் கேபிள்களும் சேர்த்தி. மின்சாரத் தீயில் தண்ணீர் அடிப்பதா என்ற தயக்கத்தில் மணிக்கணக்காக ரசாயனத்தோடு போராடினார்கள். உள்ளூர்த் தீயணைப்புத் தலைவர் தண்ணீர் அடிக்கலாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் தண்ணீர் அடித்ததும் சீக்கிரமே அடங்கியது. மொத்தம் ஏழு மணிநேரத்துக்கு மேல். ஊழியர்கள் கைக்கு எட்டிய பம்புகளை வைத்துச் சமாளித்ததால் பெரும் விபரீதம் நேரவில்லை. சுவரில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் விசேஷம். சுவரைச் சுவராக வைத்திருப்பதற்காக அடைத்த அடைப்பும், அதைச் சரிபார்க்கக் கொண்டுவந்த சுடரும் சேர்ந்து வைத்த தீ அது. இன்று துளை அடைப்புகளுக்கும் தனியாக உலைச் சோதனை இருக்கிறது.

நம் பக்கம் சுவர் இன்னும் பெரும்பாலும் செங்கல்தான், கான்கிரீட்தான். சுவருக்காக நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்றே சொல்லலாம். 2011 டிசம்பர் 9ஆம் தேதி அதிகாலையில் கொல்கத்தாவின் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில் அடித்தளத்தில் தீ பிடித்தது. வாகனம் நிறுத்த வேண்டிய இடத்தைக் கிடங்காக வைத்திருந்தார்கள். தீ மேலே ஏறவே இல்லை, புகைதான் ஏறியது. குளிர்சாதனக் குழாய்கள் வழியாக, செங்குத்துக் குழிகள் வழியாக. ஏறத்தாழ தொண்ணூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி, பலர் படுக்கையிலேயே. நான் பார்த்த அலுவலகக் கட்டடங்களில் மின்கேபிள் ஏறும் குழியின் கதவைத் திறந்து மேலே பார்த்தால், பல இடங்களில் அடுத்த மாடியின் விளக்கு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. படிக்கட்டின் தீக்கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு செங்கல்லோ தீயணைப்பு சிலிண்டரோ கிடக்கும். டீ கொண்டுவருகிற அண்ணனுக்கு இரண்டு கையிலும் ஃபிளாஸ்க். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புகை வந்தால் தானாக மூடிக்கொள்ளும் காந்தப் பிடியை மாட்டியிருந்தால் அவருக்குச் செங்கல் தேவைப்பட்டிருக்காது.

லண்டனுக்கே திரும்பிப் போகலாம். 1974இல் கட்டிய கிரென்ஃபெல் டவர், 24 மாடி, ஒரே ஒரு படிக்கட்டு. ஒரு படிக்கட்டு போதும் என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு ஃப்ளாட்டும் கான்கிரீட் தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தனிப் பெட்டி. ஒன்றில் தீ பிடித்தால் அந்தப் பெட்டிக்குள்ளேயே எரிந்து அடங்கும், தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்துவிடுவார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் போதும். ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற அறிவுரை அங்கிருந்து வந்தது. பல பத்தாண்டுகள், பல தீ விபத்துகளில் அது சரியாகவே வேலை செய்தது.

2016இல் முடிந்த புதுப்பிப்பில் கட்டடத்தின் வெளிப்புறத்துக்கு ஒரு புதுச் சட்டை போட்டார்கள். அலுமினியத் தகடுகள், நடுவில் பாலிஎதிலீன். முதலில் யோசித்தது துத்தநாகம், செலவைக் குறைக்க இதற்கு மாறினார்கள். 2017 ஜூன் 14 அதிகாலை 12.54க்கு, நான்காம் மாடிச் சமையலறையில் ஒரு குளிர்பதனப் பெட்டியிலிருந்து தீ என்று முதல் தகவல் போனது. தீ ஜன்னல் ஓரமாக வெளியே போய்ச் சட்டையைப் பிடித்தது. ஒன்றரை மணிக்குள் உச்சியைத் தொட்டுவிட்டது. உள்ளே உள்ள சுவர்களைத் துளைக்கும் வேலையே அதற்கு இருக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் வெளியிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. வீட்டுக் கதவுகள் பலவற்றில் தானாகச் சாத்திக்கொள்ளும் அமைப்பு வேலை செய்யாததால், ஓடியவர்கள் விட்டுப்போன கதவுகள் வழியாகப் புகை நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் பரவியது. அவசர எண்ணுக்கு அழைத்தவர்களிடம் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அறிவுரையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டபோது மணி 2.47.

எழுபத்திரண்டு பேர் இறந்தார்கள். கட்டடத்தின் கான்கிரீட் எலும்புக்கூடு விழவில்லை. அதைச் சுற்றி வெள்ளைத் துணி போர்த்தி வருடக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி இறக்கலாம் என்று 2025இல்தான் முடிவானது.